என் பெயரில் காளீஸ்வரி படித்த வகுப்பு

இலஞ்சி,
18-10-2022

அன்பு மகள் சங்கரேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, தீபாவளி விடுமுறைக்குக் கூட்டம் வரும் என்கிறார்கள். உனக்கு முறுக்கும் அதிரசமும் செய்து கொரியரில் போடப்போகிறாள் அம்மா, அந்தப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், உன் கைக்கு வரும்போது தீபாவளி போயிருக்கும். தினமும் வீடியோவில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேசிப் பார்க்கலாம் என்று போன வாரம் நான்கு நாள் நினைத்தேன், உன் முகம் திரையில் வந்ததும் மழையைப் பற்றிக் கேட்டேன், குட்டியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் அம்மாவுக்குப் போன் போடாதே, அவளுக்கு எல்லாம் தெரியும்.

போன வருடம் கொரோனாவுக்காக அருவியில் குளிக்கத் தடை போட்டு, சீசன் என்ற ஒன்றே இல்லாமல், பஜாரில் நம் சிப்ஸ் கடையை அடைத்துவிட்டு நான் வீட்டில் கிடந்தேனே, அப்போது நீதான் அங்கிருந்து தேடிப் பிடித்து, மதுரை விஸ்வநாதன் சார் நடத்துகிற ஆன்லைன் வியாபார வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாய். சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு, பதினாறு வாரம். அதற்கென்று லேப்டாப்பும் அனுப்பிவைத்தாய். வகுப்பு எப்படிப்பா போகிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் விலாவாரியாகச் சொன்னேன், நீயும் எங்கப்பா அறுபத்திரண்டு வயதில் படிக்கிறார் என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டாய். சங்கரி, நான் அந்த வகுப்பில் இருந்தது இரண்டே வாரம். மீதிப் பதினான்கு வாரமும் என் பெயரில் உட்கார்ந்து படித்தவள் நம் கடையில் வேலை பார்க்கிற காளீஸ்வரி.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் வகுப்பில் பாதிக்கு மேல் இங்கிலீஷ், எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. இரண்டாவது வகுப்பில் அந்த சார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் கஸ்டமர் யார் என்று கேட்டார். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் என்றேன். அவர்கள் வராவிட்டால் யார் என்றார். நான் வாயைத் திறந்துகொண்டு முழிக்கிற முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது, சுற்றிலும் கட்டம் கட்டமாக நாற்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். யாரோ சிரித்த சத்தமும் கேட்டது, என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று இன்றைக்கும் தெரியாது. கரண்டு போய்விட்டது என்று சொல்லிக் கேமராவை அணைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய், ஒன்றும் இல்லை, வேறு வகுப்பு பார்த்திருப்பாய். ஆனால் பத்தாவதோடு நின்றவன் என்று மகள் முன்னால் ஆக எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை லேப்டாப்பைக் காளீஸ்வரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்டு வந்து எனக்குச் சொல் என்றேன். அவளை உனக்குத் தெரியும், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நீ அக்கா என்று கூப்பிடுவாய். வாசுதேவநல்லூரில் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள், மேலே படிக்க வைக்காமல் இங்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷன் உச்சிமாகாளி தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் கட்டிலோடு இருக்கிறான் என்பதும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை அந்த நேரத்தில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவையும் மைக்கையும் திறக்காமல், பதிலையெல்லாம் எழுதியே அனுப்பிப் படித்தாள். நான் இங்கே நம் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்தேன். நீ போன் செய்தால் எடுக்காமல், வகுப்பில் இருக்கிறேன் என்று செய்தி போடுவேன். உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்களாம், உங்கள் கஸ்டமர் யார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று. என்னைத் திணற வைத்த அதே கேள்வி. அதற்கு அவள் எழுதியதை நான் பிறகுதான் படித்தேன். அருவிக்கு வருகிறவர் சிப்ஸ் வாங்குவது தின்பதற்கு மட்டும் இல்லை, குற்றாலம் போய்வந்தோம் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கத்தான், இந்த வருடம் வரமுடியாமல் போனவர்கள் எல்லாரும் அந்த நினைப்போடு வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் போன் நம்பர் நம் பழைய பில் புத்தகத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எழுதியதோடு விடவில்லை, சிவகாசி, சாத்தூர், மதுரை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி ஆர்டர் எடுத்தாள். அப்படித்தான் அடுப்பு மறுபடியும் எரிந்தது. நீ அன்றைக்குப் போனில், அப்பா உங்களுக்கு எப்படிப்பா இந்த யோசனை வந்தது என்று கேட்டாய். அருவி வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போது தோன்றியது என்று நான் சொன்னேன். நான் அருவிப் பக்கமே போகவில்லை சங்கரி. சான்றிதழ் என் பெயரில் வந்தது, சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன், போட்டோ எடுத்து உனக்கும் அனுப்பினேன். அதன் கீழே நின்றுதான் அவள் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் ஆகஸ்டில் வகுப்புக்காரர்கள் மறுபடியும் ஒரு படிவம் அனுப்பினார்கள். அடுத்த கட்ட வகுப்பு, ஆன்லைனிலும் உண்டு, குற்றாலத்தில் ஒரு ஓட்டலில் மூன்று நாள் நேரிலும் உண்டு, எது வேண்டுமோ தேர்ந்தெடுங்கள் என்று. நீ ஆன்லைன்தான் நல்லது என்றாய், கடையை விட்டுப் போகவேண்டாம், புரியாததைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம், போன தடவை நன்றாகச் செய்தீர்களே என்றாய். நான் எதிரே உட்கார்ந்து பேசுவது போல ஆகுமா, வியாபாரம் என்றால் முகம் பார்க்க வேண்டாமா என்று உன்னோடு வாதாடினேன். கொரோனா போய்விட்டது, இன்னும் எதற்குப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு என்றேன். நீ சரி உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாய். அந்த வாதம் முழுக்கப் பொய். காளீஸ்வரி என்னிடம் வந்து, “ஆன்லைன்னா நான் கேட்டுக்கிடுவேன் மொதலாளி, நேர்லன்னா அவுகள விட்டுட்டு மூணு நாளு எப்பிடி வர முடியும்?” என்று கேட்டாள். “நீ எதுக்கு வரணும், நான்லா போறேன்” என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். கடையில் எல்லாவற்றுக்கும் காளீஸ்வரியைக் கேளுங்கள், காளீஸ்வரிக்குத் தெரியும் என்று ஆகிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வர முடியாத இடம் என்பதற்காகவே நேரில் வருகிறேன் என்று நான் குறி போட்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

போன மாதம் அந்த மூன்று நாள் நடந்தது. முதல் நாள் காலையில் உள்ளே போனதும் விஸ்வநாதன் சார் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்கதானா அது? உங்க பதிலுக்காகவே சனிக்கிழமை காத்திருப்பேன்” என்றார். நான் அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்து, எல்லாருக்கும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார். உன்னிடம் சொன்ன அருவிக் கதையை அங்கேயும் சொன்னேன், கை தட்டினார்கள். அதன் பிறகு அவர், பார்சலில் போகிற சிப்ஸ் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று நீங்கள் வைத்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். அவள் அப்படி ஒன்று செய்தது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு மாதம் தாங்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சார் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் காளீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள், டீ இடைவேளைக்குச் சூடாகச் சிப்ஸ் கொண்டுவா என்று நான்தான் ஜம்பத்துக்குச் சொல்லியிருந்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் புருஷனுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தாள். பொய்யான நாள்கணக்கைக் கேட்டு அவளால் பொறுக்க முடியவில்லை போல. மெதுவாகத்தான் சொன்னாள், “இருவத்தாறு நாளு சார். இருவத்தேழாம் நாளு லேசா எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துட்டு” என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மைக்கைப் பிடித்தபடியே, “ஏட்டி, உன்ன எவ கேட்டா? தட்ட வச்சிட்டுப் போயி அடுப்பப் பாரு” என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் தட்டை ஓரமாக இருந்த மேசையில் வைத்தாள், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் பஜாரில் பழக்கடை வைத்திருக்கிற அஹ்சன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் போன வருடம் அந்த ஆன்லைன் வகுப்பில் இருந்தவர். “அண்ணாச்சி, போன வருசம் எனக்குப் புரியாதப்பலாம் நீங்கதான எழுதி எழுதிச் சொல்லிக் குடுத்தீங்க. அவ்வளவு பொறுமையா எழுதுன ஆளு, இன்னைக்கு அந்தப் பொம்பளைய ஏன் அப்பிடி விரட்டுனீங்க? அது நீங்க இல்லியா?” என்று கேட்டார். கையில் சோற்றை வைத்துக்கொண்டு நான்தான் என்றேன். அவர் சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மறுபக்கம் இருந்தவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்து படித்தால் கேமராவை அணைத்துவிடலாம், அங்கே முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மீதி இரண்டரை நாளும் நான் கேட்டது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கடைசி நாள் அடுத்த வகுப்பு யாருக்கு நேரில், யாருக்கு ஆன்லைனில் என்று கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் ஆன்லைனுக்குத் தூக்கினேன். விஸ்வநாதன் சார் ஆச்சரியப்பட்டு, நேரில் வந்து பார்த்த பிறகுமா என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கடையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டுப் போனதோடு சரி, அதன் பிறகு காளீஸ்வரி வேலைக்கு வரவில்லை. உன் அம்மாதான் தனியாகப் பாக்கெட் போட்டிருக்கிறாள். கடைசி நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “அவகிட்ட போயித் தப்புன்னு சொல்லிட்டு வாங்க, பொறவு காப்பி தாரேன்” என்றாள். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது கிடையாது. போனேன். உச்சிமாகாளி கட்டிலில் இருந்தபடியே வாங்க மொதலாளி என்றான், காளீஸ்வரி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வேலைக்கு வரவில்லையே என்றுதான் ஆரம்பித்தேன். அவள் சத்தமே போடாமல் பேசினாள். “எம் பேரு இல்லங்கது எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல மொதலாளி. அந்த வகுப்புல என்னய யாரும் ஏட்டின்னு கூப்புடல. குற்றாலிங்கம் அண்ணாச்சி சொல்லுங்க, அண்ணாச்சி எழுதுனதப் படிக்கேன் கேளுங்கன்னுதான் சார் சொல்லுவாவ. பேரு உங்க பேருதான், மரியாதை எனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன். பதினாலு வாரம் இந்த வீட்டுல எங்களுக்கு அதுதான் சந்தோசம். அதப் போயி மைக்குல புடுங்கிட்டீங்க” என்றாள். உச்சிமாகாளி சுவரைப் பார்த்துக்கொண்டு, “பாக்கெட்ட என் கட்டிலுக்கு அடியிலதான் வச்சிருந்தா. தினம் ஒண்ணு பிரிச்சு எனக்குத்தான் மொதல்ல தருவா. அந்த இருவத்தேழாம் நாளு வாடையச் சொன்னவன் நான்தான்” என்றான். சங்கரி, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் எப்படிச் சொல்ல? தப்புதான் காளீஸ்வரி என்று சொன்னேன். அவள், “என்கிட்ட சொன்னது இருக்கட்டும். உங்க மக போன் போட்டு, அப்பா நல்லாப் படிக்காவளா அக்கான்னு கேக்கும்போதெல்லாம் என்னயப் பொய் சொல்ல வச்சீங்க. அந்தப் பிள்ளைக்கு மொதல்ல சொல்லுங்க” என்றாள். இந்தக் கடிதம் நானாக எழுதுவது இல்லை என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் விஸ்வநாதன் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போது ஓட்டலைக் காலி செய்துகொண்டிருந்தார், முழுக்கக் கேட்டுவிட்டு, அவர்கள் வீடு எங்கே என்றார். அரைமணி நேரத்தில் கார் இலஞ்சிக்கு வந்துவிட்டது, நானும் கூடப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, “வணக்கம் மேடம், நான் விஸ்வநாதன்” என்றார். காளீஸ்வரி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், மேடம் என்று கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. கட்டிலில் இருந்த உச்சிமாகாளியோடும் கால்மணி நேரம் பேசினார். பழைய சான்றிதழில் பெயர் மாற்ற வழியில்லை, நவம்பர் முதல் சனிக்கிழமை புது ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறது, உங்கள் பெயரிலேயே சேருங்கள் என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. காரில் ஏறும்போது என் தோளில் கை வைத்து, “அண்ணாச்சி, ரெண்டாவது வகுப்பில் நீங்க திணறினதைப் பார்த்துத்தான் எங்களுக்கே உறைச்சது. மூணாவது வகுப்பிலிருந்து இங்கிலீஷைக் குறைச்சு முழுக்கத் தமிழ்ல மாத்தினோம். உங்களுக்காகத்தான் மாத்தினோம்” என்றார். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நான் பொறுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். கடைக்குப் போய்ச் சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். அஹ்சன் கடைக்கும் போய்ச் சொன்னேன், அவர் ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தார்.

நீயும் உன் வேலையில் யாராவது உனக்காகச் செய்து தந்ததை உன்னுடையது என்று சொல்லிவிடாதே, நீ சொல்லமாட்டாய், அம்மா குணம் உனக்கு. ஆனாலும் அப்பா என்ற முறையில் சொல்லிவைக்கிறேன், சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைத்தாலும் சரி. அந்த நவம்பர் வகுப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன், என் பெயரில், ஆன்லைனில்தான், கேமராவை அணைக்காமல் உட்கார வேண்டும் என்று இருக்கிறேன், எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பேன் என்று தெரியவில்லை. காளீஸ்வரி இன்றுவரை வேலைக்குத் திரும்பவில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்துகிடக்கிறது, நான் கூப்பிடவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. நேற்று அவளுக்கான படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஊர், படிப்பு, ஆன்லைனா நேரிலா என்பது எல்லாம் தன் கையாலேயே நிரப்பினாள், பெயரை மட்டும் எழுதிவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டாள். தொழிலில் உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரு கட்டம் இருந்தது, அங்கே பேனா நின்றது. பங்குதாரர் என்று போடு காளீஸ்வரி என்றேன், உன் அம்மாவிடம் பேசி முடிவு செய்துதான் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நீங்க சொல்லி நான் போட்டா அதுவும் உங்க எழுத்துதான் மொதலாளி. நான் யோசிச்சுப் போடுதேன்” என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டாள். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், குட்டிக்குக் குளிர் தாங்காத சட்டையைப் போட்டு அனுப்பாதே. குமாரர் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், இதைப் படித்ததும் எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் காளீஸ்வரிக்குப் போடு. என்னைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம், அவள் வகுப்பைப் பற்றிக் கேள், அவளே சொல்லுவாள். என்னிடம் எப்போது பேச முடியுமோ அப்போது பேசு, நான் காத்திருக்கிறேன்.

உன் முன்னால் தலை குனிந்து நிற்கிற
அப்பா
குற்றாலிங்கம்